விண்கலம் கேட்ட கேள்வி

ராஜபாளையம் பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கத்தில் இருக்கும் நிஜாமின் மொபைல் கடைக்குப் போய், எந்த கேம் நல்லாயிருக்கும் என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். அப்புறம் நீங்கள் எதற்காகக் கடைக்கு வந்தீர்கள் என்பதே மறந்துபோகும். போனுக்குக் கண்ணாடி ஒட்டிக்கொண்டே ஆரம்பிப்பான். ஒட்டி முடித்து, போனைத் துடைத்துக் கையில் கொடுத்த பிறகும் நிறுத்தமாட்டான். பின்னால் நிற்கிற ஆள் சார்ஜர் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், தானே எடுத்துக்கொண்டு போன கதையெல்லாம் உண்டு. அவன் பெண்டாட்டி ஜுவைரியா, "உங்க வாய வாடகைக்கு விட்டா கடைய மூடிரலாம்" என்பாள். அவனுக்கு அது பாராட்டாகத்தான் கேட்கும்.

கருத்து என்றால் சும்மா கருத்தா? நூறு பேர் ஒரு தீவில் குதித்து ஒருத்தரை ஒருத்தர் சுட்டுக்கொள்ளும் விளையாட்டுகளை அவனுக்குக் கண்டாலே ஆகாது. அதில் வீரன் ஜெயிப்பதில்லை, புதருக்குள் படுத்துக் கிடப்பவன்தான் ஜெயிக்கிறான், இதற்கு எதற்குத் துப்பாக்கி என்பான். சட்டையும் தொப்பியும் விற்கிற விளையாட்டுகளை ஜவுளிக்கடை என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடுவான். தனியாக விளையாடுகிற கேம் சொந்த வீடு, பல பேர் சேர்ந்து விளையாடுகிற கேம் வாடகை வீடு என்பது அவனுடைய தீர்ப்புகளில் பிரபலமானது. வாடகை வீட்டில் ஓனர் நினைத்த அன்றைக்கு ஜன்னலை அடைத்துவிடுவான், கேட்க முடியாது. அப்டேட் என்ற பெயரில் உங்களுக்குப் பிடித்ததை ஒரு காலையில் பிடுங்கிக்கொண்டு போவான், அப்டேட் பண்ணாவிட்டால் கேம் திறக்காது, பண்ணினால் பழையது கிடைக்காது.

விண்வெளிக் கதைகள் மட்டும் அவனுக்கு உயிர். உயிர் என்பதால்தான் அதிகம் திட்டுவான். மூவாயிரம் வருஷத்துக்கு அப்புறம் நடப்பதாகச் சொல்லிவிட்டு, அங்கேயும் ஒருத்தன் கதவைத் திறக்க அட்டையைத் தேடி அலைகிறானே, இதுதானா உங்கள் விஞ்ஞானம் என்பான். எல்லாக் கிரகத்திலும் ஒரே செம்மண். எல்லாக் கலத்திலும் ஒரே தகரக் குரல்; பெண் குரலென்றால் பெண்ணும் இல்லை, மெஷினென்றால் மெஷினும் இல்லை. பேசுவதும் இங்கிலீஷ். நம்மூர்க்காரர் ஒருத்தர்கூட விண்வெளிக்குப் போகவே மாட்டார்களா என்று அங்கலாய்ப்பான்.

இதையெல்லாம் அவன் கடையில் மட்டும் சொன்னால் கடையோடு போயிருக்கும். யூடியூபிலும் சொன்னான். 'நிஜாம் சொல்லுதான்' என்று சேனல். கடைக்குப் பின்னால் உள்ள சின்ன அறைதான் அவனுடைய ஸ்டூடியோ. எதிரொலி கேட்கக் கூடாதென்று, சத்திரப்பட்டியில் பேண்டேஜ் நெய்கிற தறி வைத்திருக்கும் சின்னம்மா வீட்டிலிருந்து கழிவுக்குப் போன பேண்டேஜ் துணியைக் கொண்டுவந்து, நான்கு சுவரிலும் மடிப்பு மடிப்பாகத் தொங்கவிட்டிருந்தான். உள்ளே நுழைந்தால் ஆஸ்பத்திரி வார்டு மாதிரி இருக்கும்.

அவன் வீடியோவுக்கு ஒரு முறை வைத்திருந்தான். எந்த கேமையும் முன்கூட்டியே திறந்து பார்க்கமாட்டான். முதல் தடவை விளையாடுவதை அப்படியே பதிவு செய்வான். முன்னாலேயே பார்த்துவிட்டு, இப்போதுதான் பார்ப்பது போல் வாயைப் பிளப்பது ஏமாற்று வேலை என்பான். மனதில் பட்டதைப் பட்டவுடனே சொல்வான், வெட்டவும் மாட்டான், ஒட்டவும் மாட்டான். அதற்காகவே ஜனம் பார்த்தது.

இன்னொரு முறையும் உண்டு. இந்தக் கூட்டு விளையாட்டுகளில் மைக்கைத் திறந்தால் போதும், முகம் தெரியாதவன் எல்லாம் அடுத்தவன் அம்மாவை இழுத்துத்தான் திட்டுவான். நிஜாமின் அணியில் மட்டும் அது நடக்காது. எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும், அம்மாவை இழுத்தால் அந்த நிமிஷமே வெளியே தள்ளிவிடுவான். தோற்றாலும் சரி. அவனுடைய அம்மா அவன் பள்ளிக்கூடம் போகிற வயதிலேயே மௌத்தாகிவிட்டார். அதனால் இந்த ஒரு விஷயத்தில் அவன் விளையாட்டாக எதையும் எடுத்துக்கொண்டதில்லை.

அம்மா இல்லாதவனுக்கு அம்மாவாகக் கிடைத்தவர் ஜெபமணி. ஸ்ரீவில்லிபுத்தூரில் மடவார் வளாகத்துக்குப் பக்கத்தில் வீடு. மகன் ஜெபின், நிஜாமோடு பாலிடெக்னிக்கில் படித்தவன். இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் போய் வந்து பழகி, பஸ்ஸில் ஒரே போனில் விளையாடிப் பழகி, பிரிக்க முடியாதபடி ஒட்டிக்கொண்டார்கள். ஜெபின் அதிகம் பேசமாட்டான், நிஜாம் அடுத்தவனைப் பேச விடமாட்டான், அதனால் நட்புக்கு ஒரு குறையும் வரவில்லை. இப்போது ஜெபின் வீட்டிலிருந்தே ஒரு சென்னைக் கம்பெனிக்குக் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறான். நிஜாமின் வீடியோக்களில் இரண்டாவது ஆள் எப்போதும் அவன்தான். மைக்கில் "ம்" என்பான், "சரி மாப்ள" என்பான், அவ்வளவுதான்.

ஜெபமணி ஸ்பின்னிங் மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மில்லில் மிஷின் இரைச்சலுக்கு மேலே பேசிப் பேசி, வீட்டிலும் அவருக்குக் கத்தித்தான் பேச வரும். உப்புப் போதுமா என்று கேட்டால் தெருமுனையில் போகிறவர் திரும்பிப் பார்ப்பார். நிஜாம் படியேறும்போதே, "ஏலே நிசாமு, சாப்ட்டாச்சா?" என்று சத்தம் வரும். பதில் என்னவாக இருந்தாலும் தட்டு வந்துவிடும். ஒருநாள் அந்தத் தட்டின் முன்னால் உட்கார்ந்துதான் நிஜாம் வழக்கம் போல விண்வெளிக் கேம்களைக் கிழித்துக்கொண்டிருந்தான். கலத்தில் தகரக் குரலுக்குப் பதிலாக ஜெபமணியம்மா மாதிரி ஒரு குரல் அதட்டினால், தான் எந்தக் கிரகத்துக்கும் போகத் தயார் என்றான். அவர் அன்று சிரித்த சிரிப்பில் கரண்டி கீழே விழுந்தது. ஜெபின் தலை நிமிர்ந்து இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டிருந்தான்.

இனிமேல் நான் சொல்லப்போவது அப்போது நிஜாமுக்குத் தெரியாது. உங்களிடம் மறைத்து எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை, சொல்லிவிடுகிறேன்.

அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டு ஜெபின் ஒரு கேம் செய்ய ஆரம்பித்தான். யாருக்கும் சொல்லாமல், வேலை போக மிச்ச நேரத்தையெல்லாம் அதில் போட்டு, வருஷக்கணக்காகச் செய்தான். 'தூரக்கலம்' என்று பெயர். இரண்டு பேர் மட்டும் விளையாடுவது. ஒருத்தனுக்கு வெளியே தெரியும், கை வைக்க முடியாது. இன்னொருத்தன் கையில் இன்ஜின் இருக்கும், வெளியே தெரியாது. அவன் சொல்ல இவன் செய்ய வேண்டும், இவன் கேட்க அவன் சொல்ல வேண்டும். சுடுவது கிடையாது, விற்பது கிடையாது. நிஜாம் எதையெல்லாம் திட்டினானோ அது எதுவுமே அதில் இல்லை.

கேம் முக்கால்வாசி முடிந்த சமயத்தில்தான் ஜெபமணிக்குத் தொண்டை கட்டியது. கத்திக் கத்திக் கட்டியிருக்கும் என்று மிளகுக் கஷாயம் குடித்தார். மதுரையில் காட்டியபோது கஷாயத்தில் தீருகிற கட்டி இல்லை என்று தெரிந்தது. அந்த நோயின் பெயரை அந்த வீட்டில் யாரும் வாயால் சொல்லவில்லை. நம் பக்கத்தில் சொல்லவும் மாட்டார்கள். 'தொண்டையில கட்டி' என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். குரல்வளையையே எடுத்துவிட வேண்டும் என்று டாக்டர் சொன்ன அன்று, வீட்டுக்கு வந்ததும் ஜெபின் அம்மாவை லேப்டாப் முன்னால் உட்காரவைத்து மைக்கைக் கொடுத்தான்.

அவர் வழக்கம் போல் கத்தப் பார்த்தார், முடியவில்லை. மெதுவாகப் பேசு, போதும் என்றான். விண்கலம் பேசுகிறது என்பதால் புத்தகத் தமிழில் பேச வேண்டுமோ என்று அவருக்குச் சந்தேகம். உனக்கு வருவதைப் பேசு என்றான். அரைகுறைக் குரலில், நிறுத்தி நிறுத்தி, மூச்சு வாங்கி, கதவு திறப்பதற்கு, இன்ஜின் சூடாவதற்கு, காற்று நிரம்புவதற்கு என்று எல்லாவற்றுக்கும் பேசிக் கொடுத்தார். பேசி முடித்துவிட்டு மகனிடம் ஒன்று கேட்டுக்கொண்டார். நிஜாமிடம் இப்போது எதையும் சொல்ல வேண்டாம், அவன் அழுதுவிடுவான். கேம் வரட்டும், விளையாடும்போது அவனே குரலைக் கண்டுபிடிப்பான், அப்போது சொல்லிக்கொள்ளலாம். அவர் ஆசைப்பட்டுக் கேட்டது அது ஒன்றுதான்.

அப்படித்தான், ஆபரேஷனுக்காக மதுரையில் கிடந்த நாட்களில், அம்மா நாகர்கோவிலில் அக்கா வீட்டில் இருக்கிறார்கள் என்று ஜெபின் நிஜாமிடம் சொன்னான். நிஜாமும் கடையும் சேனலுமாக ஓடிக்கொண்டிருந்தான், துருவிக் கேட்கவில்லை. ஜெபமணி வீடு திரும்பிய பிறகு கேம் வெளியானது. ஏதோ ஒரு கம்பெனிப் பெயரில் நிஜாமுக்கு மெயில் வந்தது, எங்கள் கேமைப் பற்றி உங்கள் கருத்தைச் சொல்லுங்கள் என்று. தெரிந்தவன் செய்தது என்று தெரிந்தால் அவன் நாக்கு கூசும், உள்ளதைச் சொல்லமாட்டான் என்பதற்காக ஜெபின் தன் பெயரைப் போடவில்லை.

இரண்டு பேர் விளையாடுகிற கேம் என்றதும் நிஜாம் யாரைக் கூப்பிடுவான்? ஜெபினைத்தான் கூப்பிட்டான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணிக்கு நடுவே நிஜாம், ஸ்ரீவில்லிபுத்தூரில் ஜெபின். ஜெபினுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு ஜெபமணி. காலை ஆராதனைக்காகக் கோயிலுக்குப் போய்வந்த சேலையைக்கூட அவர் மாற்றவில்லை.

கேம் திறந்தது. கலத்தின் கதவு விலகியது. கரகரவென்று, தேய்ந்துபோன ஒரு பெண் குரல் வந்தது. "வாங்க. கதவு தெறக்குது, செத்த பொறுங்க."

நிஜாமுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கண்டுபிடிக்க அவனால் ஆகவில்லை, அது உண்மை. அவனுக்குத் தெரிந்த ஜெபமணி தெருமுனை வரைக்கும் கேட்கிற ஜெபமணி. இப்படி மெல்லப் பேசி அவன் கேட்டதே இல்லை. போதாக்குறைக்கு, கலத்துக்குள்ளிருந்து வருவது போல் ஜெபின் கொஞ்சம் எதிரொலி வேறு சேர்த்திருந்தான். ஆனால் காது கொடுத்துக் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும் என்று பிற்பாடு அவனே தலையில் அடித்துக்கொண்டான். அவன் கேட்கவில்லை, சிரிப்பதற்கு என்ன கிடைக்கும் என்று தேடிக்கொண்டிருந்தான். வீடியோவுக்குச் சிரிப்பு வேண்டும் அல்லவா.

தொட்டியில் காற்று நிரம்பியது. "காத்து ரொம்பியாச்சு. சாப்ட்டாச்சா?" என்றது கலம்.

அவ்வளவுதான். நிஜாம் நாற்காலியில் இருந்து சரிந்து சரிந்து சிரித்தான். விண்கலம் சாப்பிட்டாயா என்று கேட்கிறது பாருங்கள் என்றான். இது விண்வெளியா, சாத்தூர் பஸ்ஸா என்றான். எந்தக் கிழவியைப் பிடித்து மைக் முன்னால் உட்கார வைத்தார்களோ தெரியவில்லை என்றான். பிறகு அந்த வாக்கியத்தைச் சொன்னான், "தொண்டையில மீன் முள்ளு மாட்டுன மாதிரில்லாலே பேசுதா." சொல்லிவிட்டு, அந்தக் கரகரப்பை அப்படியே தானும் பேசிக் காட்டினான்.

ஜெபின் மைக்கில் ஒரே ஒரு தடவை பேசினான். "மாப்ள, செத்த நல்லா கேளு."

"கேட்டாச்சுலே, கேட்டாச்சு. இதுக்கு அந்தத் தகரக் கொரலே தேவல" என்றான் நிஜாம். அதற்குப் பிறகு ஜெபினின் மைக்கிலிருந்து சத்தமே வரவில்லை. ஆனாலும் கடைசிக் கிரகம் வரைக்கும் அவன் கூடவே விளையாடினான். வெளியே பார்த்து நிஜாம் தப்பாகச் சொன்ன வழியையெல்லாம் இன்ஜின் பக்கமிருந்து தானே சரிசெய்து கலத்தைக் கொண்டுபோய் இறக்கினான். கேமின் அமைப்பு நன்றாகத்தான் இருக்கிறது, இரண்டு பேர் ஒருத்தரை ஒருத்தர் நம்பி விளையாட வேண்டியிருக்கிறது, அந்தக் குரலை மட்டும் தூக்கிக் கடாசினால் உருப்படும் என்று தீர்ப்புச் சொல்லி நிஜாம் வீடியோவை முடித்தான்.

இதுவரைக்கும் போட்ட எந்த வீடியோவும் அப்படி ஓடியதில்லை. முள்ளு வசனத்தை மட்டும் வெட்டி எடுத்து ஆளாளுக்குப் பரப்பினார்கள். குரலுக்கு 'முள்ளு ஆத்தா' என்று பெயர் வைத்தார்கள். பஸ்ஸில் ஒருத்தன் அதை ரிங்டோனாக வைத்திருந்ததை நிஜாமே கேட்டுவிட்டுப் பெருமையாகக் கடைக்கு வந்தான். ஜுவைரியாவுக்கு மட்டும் அது பிடிக்கவில்லை. யாரோ வயசான பொம்பளை, பாவம், அவிய பிள்ளைகள் பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்றாள். அது எவளோ காசுக்குப் பேசினவள் என்று சொல்லிவிட்டுப் போனான். சில நாட்களில் தூரக்கலம் கேமில் ஒரு அப்டேட் வந்தது. குரல் இருந்த இடத்திலெல்லாம் வெறும் பீப் சத்தம். பார்த்தாயா, நம் சொல்லுக்கு மரியாதை இருக்கிறது என்று அதற்கும் ஒரு வீடியோ போட்டான், மடையன்.

ஜெபின் போனை எடுக்கவில்லை. வேலை என்று ஒரு வரி அனுப்புவான், அதுவும் பிறகு நின்றது. நிஜாமுக்கு உள்ளுக்குள் ஏதோ உறுத்தத்தான் செய்தது. ஆனால் வேறு எதையோ நினைத்துக்கொண்டான்; வீடியோவில் தனக்குப் பெயர் கிடைத்து அவனுக்குக் கிடைக்கவில்லை என்று கோபமாக இருக்கும், போகட்டும், தானாக வருவான் என்று இருந்துவிட்டான். இரண்டாவது ஆள் இல்லாமல் வீடியோ போட முடியவில்லை என்பது மட்டும் அவனுக்கு எரிச்சலாக இருந்தது.

அதற்குள் நோன்பு வந்துவிட்டது. பள்ளிவாசலில் காய்ச்சும் நோன்புக் கஞ்சி என்றால் ஜெபமணிக்கு அப்படி ஒரு பிரியம். வருஷம் தவறாமல் முதல் வெள்ளிக்கிழமை ஒரு தூக்குவாளி நிறைய வாங்கிக்கொண்டு நிஜாம் ஸ்ரீவில்லிபுத்தூர் போவான், அவர் வீட்டிலேயே நோன்பு திறப்பான். இந்த வருஷமும் கஞ்சியை வாங்கி வண்டியில் மாட்டினான். அம்மா நாகர்கோவிலில் இருந்து வந்திருப்பார்கள், அவர்களை வைத்து இவனைச் சமாதானப்படுத்திவிடலாம் என்று ஒரு கணக்கு.

படியேறும்போது சத்தம் வரவில்லை. முதலில் அவனுக்குத் தட்டுப்பட்டது அதுதான். வீட்டில் ஆள் இல்லையோ என்று நினைத்தபடி எட்டிப் பார்த்தால், ஜெபமணி நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். பாதியாக இளைத்திருந்தார். கழுத்தைச் சுற்றி வெள்ளைத் துணி. அவனுடைய அறைச் சுவரில் தொங்குகிறதே, அதே பேண்டேஜ் துணி. நடுவில் ஒரு ஓட்டை, அதிலிருந்து மூச்சு வந்துபோகிற சத்தம். அவனைப் பார்த்ததும் எழுந்தார், வாயைத் திறந்தார், உதடு 'நிசாமு' என்று அசைந்தது. ஒன்றும் கேட்கவில்லை.

தூக்குவாளியை எங்கே வைத்தான் என்று அவனுக்கே தெரியாது. உள்ளேயிருந்து வந்த ஜெபினின் தோளைப் பிடித்துக்கொண்டான். ஜெபின் அழவுமில்லை, கோபப்படவுமில்லை, மெதுவாக எல்லாவற்றையும் சொன்னான். கட்டி, மதுரை, ஆபரேஷன். அன்றைக்கு நாகர்கோவில் என்று சொன்னது பொய். உயிருக்குப் பயமில்லை, குரல்தான் போய்விட்டது.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லணும்னு தோணலயாலே ஒனக்கு?" என்றான் நிஜாம்.

ஜெபின் அவனை நேராகப் பார்த்தான். "சொல்லத்தான செஞ்சேன் மாப்ள. செத்த நல்லா கேளுன்னு சொன்னேம்லா."

நிஜாமுக்கு ஒரு கணம் புரியவில்லை. பிறகு புரிந்தது. கதவு தெறக்குது, செத்த பொறுங்க. காத்து ரொம்பியாச்சு, சாப்ட்டாச்சா. தொண்டையில மீன் முள்ளு. அந்தக் கரகரப்பைத் தான் பேசிக் காட்டியது. எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தது. அன்றைக்கு அம்மாவும் இருந்தார்களா என்று கேட்டான். பக்கத்து நாற்காலியைக் கையால் காட்டினான் ஜெபின். நீ கண்டுபிடிக்கிறதைப் பார்க்கணும்னு காத்திருந்தார்கள், முடிகிற வரைக்கும் எழுந்திருக்கவில்லை, மிச்சத்தில் எங்கேயாவது கண்டுபிடித்துவிடுவான் என்று நினைத்தார்கள் என்றான்.

ஊரான் எவனாவது அடுத்தவன் தாயை ஒரு சொல் சொன்னால் விரட்டி அடித்தவன். இப்போது தன்னை எங்கே கொண்டுபோய் விரட்டுவது என்று அவனுக்குத் தெரியவில்லை. ஜெபமணியின் காலடியில் தரையில் உட்கார்ந்து, சின்னப் பிள்ளை மாதிரி கேவிக் கேவி அழுதான். அவர் அவன் தலையில் கையை வைத்தார். அந்தக் கை கனமாக இல்லை என்பது அவனை இன்னும் அழ வைத்தது. கண்ணைத் துடைக்காமலேயே போனை எடுத்து, அந்த வீடியோவை இப்போதே அழித்துவிடுகிறேன், சேனலையே அழித்துவிடுகிறேன் என்று தட்டப் போனான்.

ஜெபின் பாய்ந்து அவன் கையைப் பிடித்தான். "அத அழிச்சிராத. அது ஒண்ணுதான் கெடக்கு."

அந்த கேமைச் செய்ததே தான்தான் என்பதில் தொடங்கி, அப்போதுதான் மிச்சத்தைச் சொன்னான். வீடியோ பரவி, முள்ளு ஆத்தா என்று ஊரெல்லாம் சிரித்த சமயத்தில், ஜெபினுக்கு வெறி பிடித்த மாதிரி ஆகிவிட்டது. இனி எவன் வாயிலும் என் அம்மா குரல் விழக்கூடாது என்று, கேமில் குரலை எடுத்துவிட்டுப் பீப் சத்தம் போட்டு அப்டேட் விட்டான். லேப்டாப்பில் பேசிப் பதிந்ததையெல்லாம் மொத்தமாக அழித்தான். மறுநாள் காலையில் ஜெபமணி சைகை காட்டினார், அந்தக் குரலைப் போடு, ஒரு தடவை கேட்கிறேன் என்று. என்ன செய்துவிட்டோம் என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. கம்ப்யூட்டர் கடைக்காரனிடம் லேப்டாப்பைக் கொடுத்து மீட்கப் பார்த்தான், வரவில்லை. கேமை இறக்கி வைத்திருந்த எல்லாருடைய போனிலும் அப்டேட் ஏறிவிட்டது. ஏறாவிட்டால் திறக்காது, அதுதானே கூட்டு கேம்.

வேறு எங்கேயாவது அம்மா குரல் இருக்கும் என்று நிஜாம் படபடத்தான். எங்கே இருக்கும்? அவர் வைத்திருந்தது பட்டன் போன், வாட்ஸப்பில் பேசி அனுப்புகிற பழக்கமே கிடையாது. குடும்பத்துக் கல்யாண வீடியோக்களை எல்லாம் ஜெபின் போட்டுப் பார்த்துவிட்டான். அதில் அம்மா பந்தியில் நின்று வாயைத் திறந்து அதட்டுகிறார், பின்னால் சினிமாப் பாட்டு ஓடுகிறது. ஞானஸ்நான வீடியோவில் பேரப்பிள்ளையைக் கொஞ்சுகிறார், அங்கேயும் பாட்டு. நம் வீட்டு விசேஷ வீடியோ எதிலாவது மனிதர் பேசிக் கேட்டிருக்கிறோமா? கழுத்தில் வைத்துப் பேசுகிற மெஷின் ஒன்று இருக்கிறது, பிறகு பழக்குகிறோம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருக்கிறார்கள். அதைப் போய்க் கேட்டும் பார்த்தான் ஜெபின். எல்லாருக்கும் ஒரே மாதிரித் தகரக் குரல்தான் வரும் என்றான்.

ஆக, இந்த உலகத்தில் ஜெபமணியின் குரல் மிச்சமிருப்பது நிஜாமின் வீடியோவில் மட்டும். அதில் அவர் பேசுகிற ஒவ்வொரு இடத்திலும் அவன் சிரிக்கிறான். சில இடத்தில் அவர் முடிக்கும்போது சிரிக்கிறான், பல இடத்தில் பேசப் பேசவே சிரிக்கிறான். சிரிப்பைத் தனியாகப் பிரித்து எடுக்க ஜெபின் என்னென்னவோ செய்து பார்த்தானாம். சிரிப்பை எடுத்தால் குரலும் சேர்ந்து போகிறது. வெட்டவும் மாட்டேன், ஒட்டவும் மாட்டேன் என்று பெருமையடித்தவனின் வீடியோ, வெட்டவும் முடியாமல் ஒட்டவும் முடியாமல் கிடந்தது.

நோன்பு திறக்கும் நேரம் வந்து, மஃரிபுக்குப் பாங்கு சொன்னார்கள். ஜெபமணி உள்ளே போய் ஒரு டம்ளர் தண்ணீரும் பேரீச்சம்பழமும் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தார். தூக்குவாளியைத் திறந்து கஞ்சியை ஊற்றி அதையும் வைத்தார். நிஜாம் எதையும் தொடவில்லை. நாள் முழுக்கக் காய்ந்த தொண்டை, ஒரு மடக்குத் தண்ணீர் இறங்கினால் போதும், ஆனால் கை போகவில்லை.

அவன் சாப்பிடாததை ஜெபமணி பார்த்தார். பிறகு ஜெபினின் போனை வாங்கிக்கொண்டார். அந்த வீடியோவைத் திறந்து, கட்டை விரலால் இழுத்து, தேடாமலே ஒரு இடத்தில் நிறுத்தினார். பழகிய விரல். போனை நிஜாமின் முகத்துக்கு நேராக நீட்டி அமுக்கினார்.

"காத்து ரொம்பியாச்சு. சாப்ட்டாச்சா?" என்றது ஜெபமணியின் குரல். அந்தக் கடைசி எழுத்தின் மேலேயே, நிஜாமின் சிரிப்பு வெடித்தது.

"யாரு வந்தாலும் இப்டித்தான் கேக்கா" என்றான் ஜெபின். "பால்காரர்ட்டயும் இப்டித்தான். சிரிப்பு வாரதுக்குள்ள நிறுத்த முடியல, ரெண்டுக்கும் நடுவுல ஒரு எடமே இல்ல."

நிஜாம் கஞ்சியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவனுக்குக் கேட்கவில்லையோ என்று நினைத்து, ஜெபமணி சத்தத்தைக் கூட்டினார். போனை அவன் காதுப் பக்கம் கொண்டுபோய், விரலால் பின்னுக்கு இழுத்து, மறுபடியும் போட்டார். மறுபடியும் அவர் கேட்டார், மறுபடியும் அவன் சிரித்தான். அவர் முகத்தில் கோபம் இல்லை, குத்திக்காட்டுகிற எண்ணமும் இல்லை. வீட்டுக்கு வந்தவன் சாப்பிட்டானா என்று தெரிந்துகொள்ள வேண்டும், அதற்காகக் காத்திருந்தார்.

"இல்லம்மா" என்றான் நிஜாம். "இன்னும் சாப்பிடல."

அவர் போனை மடியில் வைத்துவிட்டு, கஞ்சியை அவன் பக்கம் நகர்த்தினார்.